எருமைத் தோலின் கறுப்பு

கறுப்பு வெள்ளைப் படத்தின் உயிர் கறுப்பில்தான் இருக்கிறது. அந்தக் கறுப்பை வீட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும் இங்க்ஜெட் பிரிண்டர் கொடுக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஹானெமூலே ஃபோட்டோ ராக் பரைட்டாவில் முதல் பிரிண்ட் வெளியே வந்ததும் வாயடைத்துப் போனேன். அடேயப்பா, என்ன காகிதம்!

படம் ஒன்றும் பெரிதில்லை. குளத்திலிருந்து கரையேறும் எருமைகள். சாதாரண ஃபோட்டோ பேப்பரில் அவை பளபளக்கும் கரிய மொத்தைகளாகத்தான் இருந்தன. இதிலோ நனைந்த தோலின் மடிப்புகள், முதுகில் ஒட்டிய சேறு, வயிற்றடி இருட்டுக்குள் இன்னொரு இருட்டு என எல்லாம் தனித்தனியாகத் தெரிகின்றன.

பரைட்டா என்பது பேரியம் சல்பேட், ஒரு வெண்ணிறத் தாது. டார்க்ரூம் நாட்களின் ஃபைபர் பேப்பரில் காகிதத்துக்கும் வெள்ளி உப்புப் பூச்சுக்கும் நடுவே இருந்து வெண்மையைத் தந்தது இதுதான். அதையே 315 ஜி.எஸ்.எம். கனமுள்ள முழுப் பருத்திக் காகிதத்தில் பூசி, இங்க்ஜெட்டுக்கு ஏற்றபடி செய்திருக்கிறார்கள். ஹானெமூலே 1584-இல் தொடங்கிய ஜெர்மன் ஆலை. கேமரா பிறப்பதற்கு இரண்டரை நூற்றாண்டு முன்பே காகிதம் செய்தவர்கள், சும்மாவா?

கறுப்பின் அடர்த்தியை எண்ணால் அளப்பார்கள். நல்ல மேட் பேப்பர் சுமார் 1.7 வரை போகும். அதாவது, மேலே விழும் ஒளியில் 2 சதவீதம் கண்ணுக்குத் திரும்பி வரும். பரைட்டா வகை 2.3-ஐ ஒட்டி நிற்கும். திரும்புவது அரை சதவீதம்தான். மேட் பரப்பு ஒளியைச் சிதறடிப்பதால் அதன் கறுப்பு கரித்துண்டுபோல் மென்மையாகிவிடுகிறது. பனிமூட்டம், காரை உதிர்ந்த சுவர் போன்றவற்றுக்கு அந்த மென்மை அழகுதான். அவற்றுக்கு ஃபோட்டோ ராக் 308 என்ற மேட் காகிதம் போதும். எருமைக்குப் போதாது.

முகங்களுக்கு மட்டும் நான் கான்சன் பிளாட்டின் ஃபைபர் ராக் என்ற காகிதத்தின் பக்கம் சாய்வேன். 310 ஜி.எஸ்.எம்., இதுவும் முழுப் பருத்தி. வெண்மையைக் கூட்டிக்காட்டும் ரசாயனம் இதில் கிடையாது. அது கலந்த காகிதம் புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக உமிழ்வதால் முதலில் பளீரென்றிருக்கும். வருடங்கள் போகப்போக அந்த வெண்மை மங்கும். பேரப்பிள்ளைகள் சுவரில் மாட்ட வேண்டிய படத்தை அதில் போடுவானேன்?

பிரிண்டரில் சாம்பல் மைகள் தனியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வண்ண மைகளைக் கலந்து செய்யும் சாம்பலில் பச்சையோ ஊதாவோ எட்டிப் பார்க்கும். பரைட்டாவுக்கு ஃபோட்டோ பிளாக் மை, மேட்டுக்கு மேட் பிளாக் மை. மாற்றிப் போட்டால் காசு தண்டம். அச்சடிக்கும் முன் மென்தூரிகையால் தாளைத் துடையுங்கள். பஞ்சுத் துகள் உதிர்ந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி விழும். ஓரத்தைப் பிடித்தே தூக்குங்கள். பரைட்டாவின் பரப்பு கீறலைப் பொறுக்காது.

விலை? கடிக்கத்தான் செய்யும். ஒவ்வொரு வகையிலும் ஓரிரு தாள்கள் வைத்த மாதிரிப் பொதிகள் கிடைக்கின்றன. ஒன்றை வாங்கி, உங்களிடம் இருப்பதிலேயே மிக இருண்ட படத்தை முதலில் போட்டுப் பாருங்கள்.