பழைய ஹாமண்ட் ஆர்கன்: விலையில் அடங்காத செலவுகள்

பழைய மின்சார ஆர்கன் ஒன்றை வாங்க விழைகின்றவர், விற்பவர் சொல்லும் தொகையையே மொத்தச் செலவென்று எண்ணிவிடுவது இயல்பு, ஆனால், ஆர்.கே.பேட்டையில் நண்பர் ஒருவர் இல்லத்துக்கு வந்து சேர்ந்த, 1960-களில் அமெரிக்காவில் உருவான ஹாமண்ட் எம்-100 ஆர்கனைத் திறந்து பார்த்தும், பழுது நீக்கியபின் வாசித்துப் பார்த்தும் நான் கொண்ட முடிவு, அத்தொகை செலவின் ஆரம்பமே என்பதாகும்.

முதற்செலவு மின்சாரத்தைச் சார்ந்தது. லாரன்ஸ் ஹாமண்ட் 1935-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்த இவ்வாத்திய வகையில், காந்தங்களின் முன்னே சுழலும் சிறு உலோகச் சக்கரங்களே நாதத்தைப் பிறப்பிக்கின்றன. அவற்றைச் சுழற்றும் மோட்டாரோ மின்சாரத்தின் சுழற்சியோடு இம்மியும் பிசகாமல் இணைந்து ஓடுவது. அமெரிக்க மின்சாரம் விநாடிக்கு 60 சுழற்சி, நம்முடையது 50; ஆகவே, வோல்ட்டேஜை இறக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்றே போதுமென்று நம்பி இயக்கினால், சக்கரங்கள் ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே சுழன்று, சுருதி மூன்று அரைச்சுரங்களுக்கும் சற்று அதிகமாகத் தாழ்ந்துவிடும். வீணைக்குள்ள பிருடையைப்போல் திருகி உயர்த்த இதில் யாதொன்றும் இல்லை. சுழற்சியை மாற்றித் தரும் தனிக் கருவியை வாங்குவதோ, மோட்டார்ப் பகுதியை மாற்றியமைப்பதோதான் உபாயம்.

அடுத்தது பராமரிப்பு. சக்கரங்களின் அச்சுகளுக்கு எண்ணெயைக் கொண்டு சேர்ப்பவை மெல்லிய பருத்தி நூல்கள். ஆண்டுதோறும் இடவேண்டிய அதற்குரிய எண்ணெயை விடுத்துக் கைக்குக் கிடைத்ததை ஊற்றினால், அது பிசினாய் இறுகி நூலின் வழியை அடைத்துவிடும். ஆர்.கே.பேட்டையைப்போல் விசைத்தறிகள் ஓடும் ஊரில் காற்றில் மிதக்கும் பஞ்சுத்துகள் கட்டைகளின் அடியிலுள்ள தொடுமுனைகளில் படிந்து சுரங்களை மௌனமாக்கும் அபாயமும் உண்டு. ஆதலால் நல்ல உறை இன்றியமையாதது. அறுபதுகளின் நடுவிலிருந்து செய்யப்பட்ட பல ஹாமண்ட்களில் உள்ளே வைத்த நுரைப்பட்டை, காலப்போக்கில் கூழாகிக் கம்பிகளை அரித்துவிடுகிறது. அதைச் சுரண்டியெடுக்கும் வேலைக்கு ஆகும் கூலி, உதிரிபாகங்களின் விலையை எளிதில் விஞ்சிவிடும்.

மூப்படைந்த கெபாசிட்டர்களையும் வால்வுகளையும் மாற்றுவது மூன்றாவது செலவு. சென்னை ரிச்சி தெருவில் கெபாசிட்டர் கிடைக்கும். ஆனால் வால்வு ஆம்ப்ளிஃபயரின் உயர் வோல்ட்டேஜ், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கெபாசிட்டரில் தங்கி உயிருக்கே ஆபத்து விளைவிக்கக்கூடியதாகையால், அனுபவமுள்ள மெக்கானிக்குக்குக் கொடுக்கும் ஊதியத்தில் சிக்கனம் பார்ப்பது விவேகமன்று.

இத்தனைக்கும் பிறகு கிடைக்கும் நாதம் எப்படி? ‘டிராபார்’ எனப்படும் இழுப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுக்கும்போது, தனிச்சுரத்தின்மேல் அதன் மேற்சுரங்கள் வந்து கூடி, மரப்பெட்டியோடு அறையே அதிரும்படி எழுகின்ற அந்தக் கம்பீரம், மலிவான கீபோர்டுகளில் நான் கேட்டறியாதது.

அன்றாடம் வாசிப்பவருக்கு இதைத் தயக்கமின்றிச் சிபாரிசு செய்வேன். கூடத்துக்கு அலங்காரமாக வாங்குபவருக்குச் செய்யமாட்டேன். முன்பணம் கொடுக்குமுன் பின்புறத் தகட்டில் 50 சுழற்சி என்றிருக்கிறதா என்று பாருங்கள். 60 என்றிருந்தால், மாற்றுக் கருவியின் விலையைக் கழித்துக்கொண்டே பேரம் பேசுங்கள்.