ஓவர்லோடு: சட்டத்தில் மூன்று பேர், ரோட்டில் ஒரே ஆள்

திண்டுக்கல்லில் லாரித் தொழில் தெரிந்த யாரிடம் ஓவர்லோடு பற்றிப் பேச்செடுத்தாலும் பேச்சு நேராக அபராதத்துக்குப் போய்விடும். எவ்வளவு ஃபைன், எங்கே செக்கிங், யார் வண்டி மாட்டியது. அந்த எடையை ஏற்றச் சொன்னது யார் என்ற கேள்வி கடைசியில்தான் வரும். பல நேரம் வராமலே போய்விடும். பத்திரிகைச் செய்தியும் அப்படித்தான்: அதிக பாரம், லாரி பறிமுதல், டிரைவர் மீது வழக்கு. மூன்று வரியில் கதை முடிந்தது.

இந்தக் குறிப்பில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 113, 114, 194 ஆகிய மூன்று பிரிவுகளை டிரைவர் சீட்டில் உட்கார்ந்து படித்துப் பார்க்கலாம். என் வாதம் சுருக்கமானது. ஓவர்லோடு குற்றத்துக்குச் சட்டம் மூன்று பேரைப் பொறுப்பாக்குகிறது. ரோட்டில் ஒருவர்தான் பிடிபடுகிறார். அதிகாரிகளின் மெத்தனம் அதற்கு ஒரு காரணம்தான். எடை பார்க்க வேண்டிய இடத்தையே நாம் தப்பாக வைத்திருக்கிறோம் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

முதலில் எடைக் கணக்கு

எல்லா லோடும் ஓவர்லோடு ஆகாது. வேடசந்தூர் பக்கத்து நூல்மில்லிலிருந்து போகும் நூல் பெட்டியோ, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குப் போகும் முருங்கைக்காயோ, பாடி நிறைந்த பிறகும் எடை வரம்புக்குள்ளேயே இருக்க வாய்ப்பு உண்டு. சிமெண்ட், ஜல்லி, எம்-சாண்ட், கருங்கல், வெங்காய மூட்டை இவையெல்லாம் வேறு ரகம். இவற்றில் பாடியில் இடம் மிச்சம் இருக்கும்போதே எடை வரம்பைத் தாண்டிவிடும். மிச்சம் இருக்கிற அந்தக் காலி இடம்தான் எல்லோர் கண்ணையும் உறுத்துகிறது.

சிமெண்டில் கணக்கு எளிது. மூட்டை 50 கிலோ, 20 மூட்டை ஒரு டன். விரல்விட்டு எண்ணிவிடலாம். எம்-சாண்ட், ஜல்லியில் கதை வேறு. நம் ஊரில் அதை 'யூனிட்' கணக்கில் விற்கிறார்கள். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. அதாவது விற்பனை கொள்ளளவில், சட்டம் எடையில். கன மீட்டருக்கு 1.6 டன் என்று வைத்தால் ஒரு யூனிட் சுமார் நாலரை டன் வரும். எம்-சாண்ட் கழுவி வருவது, ஈரம் இருந்தால் இன்னும் ஏறும்.

இப்போது பத்துச் சக்கர வண்டிக்கு வாருங்கள். நம் பக்கம் பொதுவாக 'டாரஸ்' என்று சொல்கிற மூன்று அச்சு லாரி. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியபோது இதன் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. டிப்பர் பாடியோடு வெறும் வண்டியே 11 டன் என்று வைத்துக்கொண்டால் சரக்குக்கு மிஞ்சுவது 17.5 டன். நாலு யூனிட்கூட முழுசாக வராது. அஞ்சு யூனிட் போட்டால் மொத்தம் 33.5 டன், அதாவது 5 டன் அதிகம். 'ஒரு யூனிட் சேர்த்துப் போடுப்பா' என்று லோடு ஏற்றுகிற இடத்தில் சாதாரணமாகச் சொல்கிற வார்த்தையின் பொருள் இதுதான்.

சட்டத்தில் இருக்கிற மூன்று பேர்

194-ஆம் பிரிவு, எடை வரம்பை மீறி வண்டியை ஓட்டுபவர், ஓட்ட வைப்பவர், ஓட்ட அனுமதிப்பவர் என்று மூன்று பேரையும் தண்டனைக்குள் கொண்டுவருகிறது. 2019 செப்டம்பர் 1 முதல் அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். முன்பு இது 2,000 ரூபாயும் டன்னுக்கு 1,000 ரூபாயுமாக இருந்தது. மேலே சொன்ன அஞ்சு யூனிட் கணக்கில் 30,000 ரூபாய். எடை போட வண்டியை நிறுத்த மறுக்கும் டிரைவருக்கு 40,000 ரூபாய்.

113(4) இன்னும் ஒரு படி போகிறது. டிரைவர் வண்டி உரிமையாளராக இல்லாவிட்டால், இந்தப் பிரிவின் சில மீறல்கள் உரிமையாளருக்குத் தெரிந்தோ அவர் உத்தரவிலோதான் நடந்தன என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். சட்டம் எழுதியவர்களுக்கு யார் சொல்லி யார் ஓட்டுகிறார்கள் என்பது நன்றாகவே தெரிந்திருக்கிறது.

ஆனால் சரக்கை அனுப்புகிற பார்ட்டி, லோடு பிடித்துக் கொடுக்கிற புரோக்கர், குவாரியில் ஏற்றிவிடுகிறவர், யாருடைய பெயரும் இந்தப் பிரிவில் தனியாக இல்லை. 'ஓட்ட வைப்பவர்' என்ற சொல்லுக்குள் அவர்களையும் அடக்கலாம்தான். ரோட்டோரம் நிற்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் அதற்கு குவாரி வரைக்கும் விசாரணை போக வேண்டும். எதிரில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும்போது அவ்வளவு தூரம் யார் போவார்கள்?

அடுத்தது 114. அதிகாரி சந்தேகப்பட்டால் வண்டியை எடைமேடைக்குக் கொண்டுபோகச் சொல்லலாம். எடை அதிகம் என்றால் கூடுதல் சரக்கை இறக்கும்படி டிரைவருக்கு எழுத்தில் உத்தரவிடலாம். யாருடைய பொறுப்பில் இறக்குவது? டிரைவரின் சொந்தப் பொறுப்பில். சரக்கு அவருடையது இல்லை, வண்டியும் அவருடையது இல்லை. ஆனால் வேடசந்தூர் தாண்டி நாலுவழிச் சாலை ஓரத்தில் இறக்கி வைத்த நூறு மூட்டை வெங்காயத்துக்குக் காவல் அவர். மூட்டை நனைந்தாலும் காணாமல் போனாலும் பேச்சு கேட்பதும் அவர்தான்.

இறக்காமல் அபராதம் மட்டும் வாங்கிக்கொண்டு வண்டியை விட்டுவிடும் பழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2005-இல் பரம்ஜித் பாசின் வழக்கில் செல்லாது என்றது. கூடுதல் எடையை இறக்கின பிறகுதான் வண்டி நகர வேண்டும். சாலைப் பாதுகாப்புக்கு நல்ல தீர்ப்பு, சந்தேகம் இல்லை. அதன் சுமை மட்டும் மறுபடியும் அதே ஆள் தலையில்.

பணம் கட்டுவதையாவது முதலாளி ஏற்றுக்கொள்ளலாம். லைசென்ஸ் அப்படி இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 21-ஆம் விதியில் சரக்கு வண்டியில் அதிக பாரம் ஏற்றுவதும் லைசென்ஸைப் பறிக்கத்தக்க செயல்களில் ஒன்று. 2015-இல் உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு, இந்தக் குற்றத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தி வைக்கும்படி மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. இந்த விதி குவாரிக்காரரையோ புரோக்கரையோ தொடுவதில்லை. மூன்று மாதம் வீட்டில் உட்காருவது டிரைவர் மட்டும்தான்.

மாட்டேன் என்றால் என்ன ஆகும்?

இதற்குச் சட்டத்தில் பதில் தேடினால் கிடைக்காது. அதிக எடை என்று சொல்லி வண்டியை எடுக்க மறுக்கும் டிரைவரை வேலையை விட்டு நிறுத்தக் கூடாது என்று இந்த மூன்று பிரிவுகளிலும் ஒரு வரி இல்லை. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வேலை நேரம், ஓய்வு பற்றியெல்லாம் பேசியது. அதுவும் ஐந்து தொழிலாளராவது இருக்கிற நிறுவனங்களுக்காக எழுதப்பட்டது. ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்து ஓட்டுகிற சின்ன முதலாளியிடம் இருக்கிற டிரைவர் அதற்குள் வரவே இல்லை.

'டிரைவருங்களே கேட்டுத்தான் ஏத்துறாங்க, அவங்களுக்கும் காசு வருதுல்ல' என்று ஒரு பதில் உண்டு. இதைத் தள்ளிவிட முடியாது. வாடகையில் பங்கு, டிரிப்புக்கு இவ்வளவு படி என்று சம்பளம் இருக்கும் இடத்தில் எடை கூடினால் டிரைவர் கைக்கும் கொஞ்சம் கூடும். ஆனால் அந்தக் கூலிமுறையை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. மாதச் சம்பளம் உறுதியாகக் கையில் வருகிற ஆள், 30,000 ரூபாய் அபராதத்துக்கும் மூன்று மாத லைசென்ஸுக்கும் பயந்து மறுப்பாரா, சில நூறு ரூபாய்க்காகச் சம்மதிப்பாரா என்று யோசித்தால் விடை தெரிந்துவிடும்.

முதலாளி பக்கமும் நியாயம் இருக்கிறது. டன் கணக்கில் வாடகை பேசுகிற தொழிலில் பக்கத்து வண்டி 22 டன் ஏற்றினால், 17 டன் ஏற்றுகிறவருக்கு டீசல், டோல், டியூ கட்டின பிறகு மிஞ்சாது. ஒழுங்காக ஓட்டுகிறவர் தொழிலைவிட்டு வெளியே போவார், மீறுகிறவர் நிற்பார். லாரி உரிமையாளர் சங்கங்களே 'ஏற்றுகிற இடத்தில் தடு' என்று கேட்பது இதனால்தான். 2018-இல் வரம்பை உயர்த்தியதும் இந்த நோயைத் தொடவில்லை. போட்டி இருக்கிற வரை கோட்டைத் தள்ளி வைத்தால் மீறலும் கூடவே தள்ளிப் போகும்.

கூடுதல் எடை யாருக்குச் சேதம்?

1950-களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாயில் நடந்த பெரிய சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சாலைக்கு ஏற்படும் சேதம் அச்சு எடையின் ஏறக்குறைய நான்காம் அடுக்கில் கூடும். 20 சதவீதம் அதிகம் ஏற்றினால் சேதம் 20 சதவீதம் இல்லை, சுமார் இரண்டு மடங்கு. குவாரி கிராமங்களில் போட்ட ரோடு சீக்கிரமே குழியாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பிரேக் கணக்கும் அதே மாதிரி பயமுறுத்துவதுதான். திண்டுக்கல் சமவெளியில் ஓரளவு சமாளித்துவிடலாம். அதே வண்டி தொப்பூர் கணவாயில் இறங்கும்போதோ, தேனி தாண்டிக் குமுளி மலைப்பாதையில் போகும்போதோ பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் முதலில் போவது டிரைவர் உயிர். பிழைத்தால் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக வழக்கு. பாரதிய நியாய சன்ஹிதா 106-இன்படி ஐந்து ஆண்டு வரை சிறை. அந்த அஞ்சாவது யூனிட்டை ஏற்றியவர் அந்த வழக்கில் பெரும்பாலும் சாட்சியாகக்கூட வரமாட்டார்.

வேறு எங்கும் வழி கண்டிருக்கிறார்களா?

ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் 2014 முதல் கனரக வாகனத் தேசியச் சட்டம் நடப்பில் உள்ளது. அதில் பொறுப்பு ஒரு சங்கிலியாக எழுதப்பட்டிருக்கிறது: சரக்கை அனுப்புபவர், பெறுபவர், கட்டுபவர், ஏற்றுபவர், ஏற்றுவதை மேற்பார்வை செய்பவர், நேரம் குறிப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிக் கடமை. 2018 அக்டோபரில் அந்தக் கடமையை இன்னும் இறுக்கினார்கள். அமெரிக்காவில் 1982-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பு விதியை மீறி ஓட்ட மறுக்கும் டிரைவரை வேலையைவிட்டு அனுப்பத் தடை விதிக்கிறது. 2016 ஜனவரி முதல், விதியை மீறி ஓட்டும்படி மிரட்டும் நிறுவனம், புரோக்கர், சரக்கு அனுப்புபவர், பெறுபவர் மீதும் நடவடிக்கை எடுக்க அங்கே தனி விதி உண்டு. அங்கெல்லாம் ஓவர்லோடு ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. மறுக்கிற டிரைவர் கையில் காட்ட ஒரு தாள் இருக்கிறது. நம் டிரைவரிடம் அது இல்லை.

நம்மிடம் விதை இல்லாமல் இல்லை. 2007-ஆம் ஆண்டின் சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம், பதிவு பெற்ற சரக்கு நிறுவனம் வண்டியின் அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றக் கூடாது என்று சொல்கிறது. சரக்கு விவரம் சரியாக இருப்பதற்கு அனுப்புபவரைப் பொறுப்பாக்குகிறது. கனிமத்துக்கு நடைச்சீட்டு இல்லாமல் வண்டி குவாரியைவிட்டு வரக் கூடாது. எடை பிறக்கிற இடத்திலேயே ஏற்கெனவே ஒரு காகிதம் எழுதப்படுகிறது. அரசுக்கு வருவாய் வேண்டும் என்றால் அளவைக் குவாரி வாசலில் கேட்கத் தெரிகிறது. டிரைவர் பாதுகாப்பு என்றால் மட்டும் நாற்பது கிலோமீட்டர் தள்ளி ரோட்டோரத்தில் கேட்கிறோம்.

ஆகவே என் பரிந்துரை மூன்றுதான். ஒன்று, குவாரி, கிரஷர், ஆலை வாசலிலேயே மொத்த எடை போட்டு, வண்டியின் அனுமதி எடையோடு சேர்த்து அச்சடித்த சீட்டு கொடுக்க வேண்டும். எடை மீறினால் நடைச்சீட்டே வரக் கூடாது. இரண்டு, ரோட்டில் பிடிபட்டால் அந்தச் சீட்டில் பெயர் உள்ள ஏற்றியவருக்கும் அனுப்பியவருக்கும் அதே 194-இன்கீழ் நோட்டீஸ் போக வேண்டும்; இறக்குகிற செலவும் காவலும் அவர்களுடையது. மூன்று, அதிக எடையை மறுத்த டிரைவருக்கு வேலைப் பாதுகாப்பு எழுத்தில் வேண்டும். முதல் இரண்டில் பெரும்பகுதியை இப்போதிருக்கும் சட்டத்தை வைத்தே ஒரு மாவட்ட நிர்வாகம் தொடங்கிவிடலாம். மூன்றாவதுக்குச் சட்டத் திருத்தம் வேண்டும். டிரைவருக்கு அதிகம் தேவைப்படுவதும் அந்த மூன்றாவதுதான்.