கவராயமும் கார்னேஷன் பூவும்

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு உருவப்படங்களில் முகத்தை அதிகம் நம்ப வேண்டாம். எல்லா முகங்களுக்கும் ஒரே ரோஜாக் கன்னம்தான். கைகளைப் பாருங்கள். எதைக் கையில் கொடுத்து உட்கார வைத்தார்கள் என்பதில்தான் அந்த மரபின் இலக்கணம் இருக்கிறது.

1715இல் பதினான்காம் லூயி மறைந்தபின், பிரபுக்கள் வெர்சாயின் பெருங்கூடங்களை விட்டுப் பாரிஸ் மாளிகைகளின் சிறு அறைகளை நாடினர். அந்த அறைகளுக்கென்று வளர்ந்த பாணி ரொக்கோக்கோ. சிப்பி வளைவு, வெளிர் வண்ணம், பட்டின் மினுக்கம். நளினமே அதன் முதல் அளவுகோல். எதிலும் பாடுபட்ட தடம் தெரியக் கூடாது. எழுதும் பெண்ணை வரைவதில் சங்கடம் இங்கேதான். எழுத்து பாடுபடும் வேலை. விரலில் மை ஒட்டும்.

இந்தச் சங்கடத்தை ஒவ்வொரு ஓவியரும் ஒவ்வொரு விதமாகக் கடந்தார். நாத்தியே சீமாட்டிகளை டயானா, ஹீபி என்று தேவதையராக்கினார். தேவதைக்கு மேசை ஏது, மை ஏது? ஆனால் அவரே 1748இல் அரசி மரி லெஷின்ஸ்காவை மகுடமின்றி, சாதாரண உடையில், திறந்த புத்தகத்தோடு வரைந்தார்.

பூஷே அறையையே பேச விட்டார். மியூனிக்கில் உள்ள அவரது 1756ஆம் ஆண்டுப் படத்தில், அரசரின் காதலி மதாம் த போம்பதூரின் மடியில் புத்தகம் விரிந்திருக்கிறது. அருகே சிறு மேசையின் இழுப்பறையில் மைக்கூடும் இறகுப் பேனாவும். எழுதி முடித்தாரா, இனிமேல்தானா? படம் சொல்லாது. ஜெனீவாவின் லியோதார் இந்த அலங்காரத்தைக் குறைத்தவர். எழுத்தாளர் மதாம் தெபினேயை அவர் பாஸ்டலில் தீட்டிய படத்தில் யோசிக்கும் முகமே பிரதானம்.

எண்ணெய் வண்ணத்தில் என் தேர்வு போர்தோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது: 1740களில் மரியான் லுவார் வரைந்த எமிலி து ஷத்லே. லுவார், ழான் பிரான்சுவா த திருவாவிடம் பயின்ற பெண் ஓவியர். ஷத்லே 1740இல் இயற்பியல் நூல் வெளியிட்டவர். நியூட்டனின் 'பிரின்சிபியா'வைப் பிரெஞ்சில் பெயர்த்தவர். நீல உடை, மென்மயிர் ஓரம், தயக்கமில்லாத பார்வை. மரபு கேட்ட நளினம் முழுவதும் உண்டு. ஒரு கையில் கார்னேஷன் பூ; மற்றதில் கவராயம். இரண்டையும் ஒரே லாகவத்தோடுதான் பிடித்திருக்கிறார். கணக்குப் போடுவதும் பூத் தொடுவதும் அந்த விரல்களுக்குப் பழகியவை என்று லுவார் நம்ப வைக்கிறார். ஆண் ஓவியர்கள் மேசையிலும் இழுப்பறையிலும் வைத்துவிட்ட கருவியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

ஷத்லே கருவுற்றிருந்த மாதங்களில் இரவுபகலாக அந்த மொழிபெயர்ப்பை முடித்தார். 1749 செப்டம்பரில், பிரசவமான சில நாட்களில் இறந்தார். நூல் முழுமையாக வந்தது 1759இல். அந்த இரவுகளின் மைக்கறை எதுவும் படத்தில் இல்லை. கவராயம் இருக்கிறது.