மொழியறியாப் பார்வையாளரும் மரபுவழி அரங்கும்

மரபுவழி நாடகத்தைக் காணவரும் பிறமொழியாளருக்கு அதன் மொழியை எவ்வாறு உணர்த்துவது என்னும் வினாவிற்கு அரங்குகள் வெவ்வேறு விடைகளைக் கண்டுள்ளன. ஜப்பானியக் கபுகியும் கர்நாடகக் கடற்கரைப் பகுதியின் யட்சகானமும் தந்த விடைகளை ஒப்பிட்டு, அவை மொழிபெயர்ப்பாளருக்கு உணர்த்துவன யாவை என இக்கட்டுரை ஆராய்கிறது.

கபுகியின் மொழி ஒருதன்மைத்தன்று. வரலாற்று நாடகங்களில் பழைய உயர்நடை பயில்கிறது. நகர மாந்தர் வாழ்வைக் கூறும் நாடகங்களில் எடோ காலப் பேச்சை ஒட்டிய நடை அமைகிறது. பொம்மலாட்டத்திலிருந்து பெறப்பட்ட நாடகங்களில், ஷமிசென் என்னும் நரம்பிசைக் கருவியின் துணையோடு ஒருவர் கதையை ஓத, நடிகர் அதற்கியைய நடிப்பார். டோக்கியோவின் கபுகி-சா அரங்கில் வாடகைக்குப் பெறும் செவிக்கருவி, வசனங்களின் இடைவெளியில் விளக்கம் கூறும். ஜப்பானியரும் தம் மொழியிலேயே இவ்விளக்கத்தைக் கேட்கின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. தாய்மொழியாளரும் பழைய நடைக்கு ஓரளவு அயலாரே என்பது இதனாற் பெறப்படும். இங்கு மேடைமொழி மாறுவதில்லை. விளக்கம் அதன் புறத்தே நிற்கிறது.

யட்சகானத்தில் பாகவதர் பாடும் பாடல்களே 'பிரசங்கம்' எனப்படும் எழுத்துப் பனுவலில் உள்ளன. அவற்றின் பொருளை விரிக்கும் உரையாடலை நடிகர் மேடையிலேயே இயற்றிக்கொள்வர். அரசரும் வீரரும் செந்நடைக் கன்னடம் பேசுவர். ஆங்கிலச் சொல் விலக்கப்படும். நகைச்சுவைப் பாத்திரம் பேச்சு வழக்கைக் கையாளும். சிவராம காரந்த் (1902-1997) தம் யட்சகான நாட்டிய ஆக்கங்களில் உரையாடலைப் பெரிதும் நீக்கி, இசையையும் ஆட்டத்தையும் முன்னிறுத்தினார். கன்னடம் அறியாதாரும் சுவைக்க இது வழிவகுத்தது. எனினும் இழப்பு சிறிதன்று. வேடமும் ஆட்டமுமின்றி, பாடலோடு அமர்ந்து வாதிடும் 'தாளமத்தளெ' என்னும் வடிவம் தனிக்கலையாகவே வாழ்வதனால், உரையாடல் யட்சகானத்தின் இணைப்பன்று, உயிர்ப்பகுதி என்பது தெளிவு. அதை நீக்கினால் பார்வையாளரின் தடை மட்டுமன்று, அவர் காணவந்த கலையின் ஒரு பாதியும் நீங்கும்.

மூன்றாவது வழி ஒன்று நம் அரங்குகளுக்குள்ளேயே உள்ளது. தமிழகத் தெருக்கூத்தில் அரசன் விருத்தம் பாடி வசனம் கூற, கட்டியங்காரன் வினா எழுப்பியும் நகையாடியும் அதனைப் பேச்சுத் தமிழுக்குக் கொணர்கிறான். கேரளக் கூடியாட்டத்தில் விதூஷகன் வடமொழி, பிராகிருதப் பகுதிகளுக்கு மலையாளத்தில் பொருள் விரிக்கிறான். மொழிபெயர்ப்பு இங்குப் புறத்தேயிருந்து வருவதன்று, நாடகத்தின் உறுப்பேயாகும்.

இவற்றிலிருந்து இரு கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, யட்சகானம் போன்ற கலைகளில் அச்சிட்ட பனுவலை மட்டும் பெயர்ப்பவர் பாடலைப் பெயர்க்கிறாரேயன்றி நாடகத்தைப் பெயர்க்கவில்லை. ஒரு நிகழ்ச்சியின் ஒலிப்பதிவை எழுத்திற்கொணர்ந்து, அதனையே மூலமாகக் கொள்ளல் வேண்டும். மற்றொன்று, பாடல், செந்நடை, பேச்சு வழக்கு ஆகிய மூன்றையும் ஒரே நடையிற் பெயர்த்தல் பொருந்தாது. யார் எந்நடையிற் பேசுகிறார் என்பதே பாத்திரத்தின் தகுதியையும், அதைக் குலைக்கும் நகைச்சுவையையும் உணர்த்துகிறது. இரட்டை வழக்குடைய தமிழில் இவ்வேறுபாட்டைக் காட்டப் போதிய வளம் உண்டு. பொதுத்தமிழ் ஒன்றே போதும் எனக் கருதி அவ்வளத்தைக் கைவிடும் பெயர்ப்பு, கட்டியங்காரனின் வாயை அடைத்துவிட்டு அரசனை மட்டும் பேசவிடுவதாகும்.