பரிசில் கேட்கும் விஞ்ஞானிகள்

புறநானூற்றில் ‘பரிசில் கடாநிலை’ என்று ஒரு துறை உண்டு. மன்னனிடம் போய், என்ன தருவாய், எப்போது தருவாய் என்று புலவர் நெருக்கிக் கேட்கும் பாட்டுகள். பள்ளிக்கூடத்தில் இதை ‘ஐயோ பாவம், வறுமை’ என்று கடந்து போய்விடுவோம். ஆனால் கேட்பது ஒரு தேர்ந்த கலை. எதிரில் இருப்பவன் யார், அவனுக்கு எது உறைக்கும், எங்கே புகழலாம், எங்கே கோபித்துக்கொள்ளலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். கேட்பவனுக்கு கௌரவமும் உண்டு. அதியமான் தன்னை நேரில் பார்க்காமலே கொடுத்தனுப்பிய பரிசிலை வேண்டாம் என்று சொன்னவர் பெருஞ்சித்திரனார்.

இன்றைய பரிசிலர்களில் முக்கியமானவர்கள் வானியலாளர்கள். கவிதை எழுத ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பெரிய தொலைநோக்கிக்கு அரசாங்கத்தின் கஜானா திறக்க வேண்டும். ஆகவே அவர்கள் கேட்டாக வேண்டும். அந்தக் கேட்பை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை. யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது, யாரை விட்டுவிட்டது என்பது இலக்கிய விமர்சனம் வழக்கமாகக் கேட்கும் கேள்விதானே.

நம் ஊர் உதாரணத்திலிருந்து தொடங்கலாம். 1961 செப்டம்பரில் வெளிநாட்டில் இருந்த நான்கு இந்திய ரேடியோ வானியலாளர்கள், கோவிந்த் ஸ்வரூப் உட்பட, ஒரு யோசனையை எழுதி இந்திய அறிவியல் அமைப்புகளின் தலைவர்களுக்கு அனுப்பினார்கள். நாங்கள் சேர்ந்து திரும்பி வருகிறோம், ஒரு குழு அமைக்க இடம் கொடுங்கள் என்பதுதான் சாரம். 1962 ஜனவரியில் ஹோமி பாபாவிடமிருந்து தந்தி போயிற்று: குழு அமைக்க முடிவு செய்துவிட்டோம் என்று. 1970-இல் ஊட்டி முத்தொரை பக்கம் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட தொலைநோக்கி எழுந்து நின்றது. அது நிற்கும் மலைச்சரிவின் சாய்வு, அந்த இடத்தின் அட்சரேகையான 11 பாகைக்குச் சமம். அதனால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், வானத்துப் பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். அழகான யோசனை. அதன் கேட்பு வடிவமும் சுத்தமானது: ஒரு புலவர் கூட்டம், ஒரு மன்னர், ஒரு தந்தி.

இங்கேதான் ஒரு பழக்கம் உருவாயிற்று. மேலே இருக்கும் ஒருவருக்குப் புரிந்தால் போதும். அணுசக்தித் துறை நேரடியாகப் பிரதமரின் கீழ் வருகிறது. நாடாளுமன்றம் ஒரு துறைக்கான மானியக் கோரிக்கையை மொத்தமாகத்தான் ஓட்டுக்கு விடுகிறது. பல கோரிக்கைகள் விவாதமே இல்லாமல் நிறைவேறிவிடும். ஆகவே ஒரு தொலைநோக்கிக்காக ஒரு எம்.பி.யின் வாசலில் போய் நிற்க வேண்டிய அவசியம் நம் விஞ்ஞானிக்குப் பெரும்பாலும் வருவதில்லை.

அமெரிக்காவில் வந்தது. 1974-இல், பிற்பாடு ஹப்பிள் என்று நாம் அறிந்த விண்வெளித் தொலைநோக்கிக்கான பணத்தை பிரதிநிதிகள் சபையின் நிதிக்குழு வெட்டியது. பணத்தை வெட்டியவர்கள் கையில் ஒரு நல்ல ஆயுதமும் இருந்தது: எழுபதுகளுக்கான வானியல் முன்னுரிமைகளை வகுத்த கிரீன்ஸ்டீன் குழுவின் அறிக்கையே இந்தத் தொலைநோக்கியை முதல் வரிசையில் வைக்கவில்லை. உங்கள் ஆட்களே அவசரம் என்று சொல்லலியே, நாங்க ஏன் கொடுக்கணும்? நியாயமான கேள்வி.

பிரின்ஸ்டனில் இருந்த லைமன் ஸ்பிட்சரும் ஜான் பாகாலும் அதற்குப் பதில் தேடினார்கள். அந்தக் குழுவின் உறுப்பினர்களிடம் மறுபடி போய் ஆதரவு வாங்கினார்கள். நாடெங்கும் இருந்த வானியலாளர்களைக் கடிதம் எழுதவும் போன் பேசவும் வைத்தார்கள். உறுப்பினர்களையும் அவர்களுடைய உதவியாளர்களையும் நேரில் பார்த்துப் பேசினார்கள். கேட்டபடியே கிடைத்துவிடவில்லை. கண்ணாடி 3 மீட்டரிலிருந்து 2.4 மீட்டராகக் குறைந்தது. ஐரோப்பாவைப் பங்காளியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. 1977-இல்தான் பணம் வந்தது.

‘லாபி’ என்ற சொல் நமக்குக் கெட்ட வார்த்தை. சாராய லாபி, மணல் லாபி என்றுதான் கேட்டுப் பழகியிருக்கிறோம். ஆனால் இந்தக் கதையில் அந்தச் சொல்லுக்கு வேறொரு முகம் இருக்கிறது. ‘முடியாது’ என்று சொல்லும் அதிகாரம் உள்ளவர்கள் எதிரில் உட்கார்ந்திருந்ததால், விஞ்ஞானிகள் முதலில் தங்களுக்குள் ஒத்துப்போக வேண்டியிருந்தது. கருவியைச் சிறிதாக்கவும் சம்மதிக்க வேண்டியிருந்தது. மறுக்கும் சபை என்றால் சில சமயம் மறுத்தேவிடும். டெக்சாஸில் 87 கிலோமீட்டர் வளையமாகத் திட்டமிட்ட துகள் மோதுவியை, சுமார் 200 கோடி டாலர் செலவழித்த பிறகு, 1993-இல் அமெரிக்க காங்கிரஸ் கைவிட்டது. விஞ்ஞானிகளுக்கு அது பெரிய காயம். ஆனாலும் மறுத்தது யார், ஏன் என்று எல்லோருக்கும் தெரியும்.

இப்போது தேனிக்கு வருவோம். பொட்டிப்புரம் நியூட்ரினோ திட்டத்தின் பெயரிலேயே ‘அப்சர்வேட்டரி’ இருக்கிறது. காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது பிறக்கும் நியூட்ரினோக்களை, மலைக்கடியில் 50,000 டன் காந்தமேற்றிய இரும்பை வைத்துப் பிடிக்கும் யோசனை. இந்தியாவுக்கு இதில் நல்ல முன்கதை உண்டு. 1965-இலேயே கோலார் தங்கவயலில் இந்த வளிமண்டல நியூட்ரினோக்களின் தடத்தைப் பிடித்தார்கள். ஆனால் அங்கே சுரங்கம் ஏற்கெனவே இருந்தது. தங்கத்துக்காக வேறு யாரோ தோண்டியது. அனுமதி கேட்க வேண்டிய மலை என்று ஒன்று இல்லை.

புதிய திட்டத்துக்கு மலை வேண்டியிருந்தது. முதலில் நீலகிரி சிங்காரா. முதுமலை புலிகளை முன்னிட்டு 2009-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது. பிறகு பொட்டிப்புரம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. மன்னர் கொடுத்துவிட்டார். அந்த மார்ச்சிலேயே வைகோ தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. பூவுலகின் நண்பர்கள் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2017-இல் சுற்றுச்சூழல் அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது, 2018-இல் மறுபடி வழங்கப்பட்டது. 2021-இல் முதல்வர் ஸ்டாலின் திட்டத்தைக் கைவிடும்படி பிரதமரைக் கேட்டார். 2022-இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பு மனு தாக்கல் செய்தது.

விஞ்ஞானிகள் பேசாமல் இல்லை. கிராமங்களில் கூட்டம் போட்டார்கள், கேள்வி-பதில் வெளியிட்டார்கள், அப்துல் கலாமே ஆதரித்து எழுதினார். அந்தப் பேச்சின் தொனியைக் கவனியுங்கள். நியூட்ரினோ உங்கள் உடம்பில் ஒவ்வொரு நொடியும் கோடி கோடியாகப் புகுந்து போகிறது, ஒன்றும் செய்யாது. கதிரியக்கம் இல்லை. அணுக்கழிவு இல்லை. சொன்னதெல்லாம் உண்மை. எதிர்த்தரப்பில் சிலர் அணுகுண்டு, கழிவுக்கிடங்கு என்று கிளப்பிய பீதிக்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. இதை எதிர்ப்பாளர்களே உரக்கச் சொல்லியிருந்தால் அவர்கள் வாதம் இன்னும் பலம் பெற்றிருக்கும். ஆனால் ஊர்க்காரர் கேட்டது துகளைப் பற்றி மட்டுமில்லை. ஆடு மாடு எங்கே மேயும்? லட்சக்கணக்கான டன் பாறையை எங்கே கொட்டுவீங்க? தண்ணி எங்கேருந்து எடுப்பீங்க? துகளுக்குச் சொன்ன உற்சாகத்தோடு தண்ணீருக்குப் பதில் சொல்லப்படவில்லை. ‘தெரியாதவனுக்குப் புரியவைக்கிறேன்’ என்பது ஆசிரியரின் குரல். ‘நீ சம்மதித்தால்தான் எனக்கு இது உண்டு’ என்பது பரிசிலரின் குரல். டெல்லியில் பரிசிலராக இருந்தவர்கள் தேனியில் ஆசிரியராகிவிட்டார்கள். முடிவு முதலிலேயே எடுக்கப்பட்டு, விளக்கம் பின்னால் வந்தது. அதியமான் கொடுத்தனுப்பிய பரிசில் மாதிரி, அது பெறுபவரின் முகத்தைப் பார்க்காமல் வந்த விளக்கம்.

நான் இருக்கும் திருப்புட்குழியும் உத்திரமேரூரும் ஒரே மாவட்டம். குடவோலைக் கல்வெட்டு எங்கள் பக்கத்துப் பெருமை. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் அதைக் குறிப்பிட்டார். எல்லோரும் சிலாகிப்பது ஓலையைக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்ததை. அந்தச் சபை எல்லோருக்குமானது கிடையாது: கால் வேலி நிலம், சொந்த வீடு, வேதப் பயிற்சி, 35-லிருந்து 70 வயது என்று பெரும்பாலோரை வெளியே நிறுத்திய சபை. ஆனால் பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்லில் ஒரு விதி இன்னும் கூர்மையாக இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது. அவன் உறவினர்களும் நிற்கக் கூடாது. ஏரி வாரியமோ தோட்ட வாரியமோ, சபையின் முன் கணக்கு வைத்தாக வேண்டும்.

விளக்கத்துக்கும் கணக்குக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். விளக்கத்தைக் கேட்டு தலையாட்டலாம், ஆட்டாமலும் போகலாம். அதனால் எதுவும் மாறாது. கணக்கைக் கேட்பவன் ‘போதாது’ என்று சொன்னால் வேலை நிற்கும். கணக்கு கேட்கும் இடம் கிராமசபையிலோ சட்டமன்றத்திலோ முன்னாடியே இருந்திருந்தால், அது கடைசியில் நீதிமன்றத்தில் போய் முளைத்திருக்க வேண்டியதில்லை. அறிவியலுக்கும் அது நல்லதாக இருந்திருக்கும். கண்ணாடி சிறிதானாலும் ஹப்பிள் மேலே போனது.

மகாராஷ்டிராவின் ஹிங்கோலியில் லைகோ-இந்தியாவுக்கு 2023-இல் 2,600 கோடி ரூபாய் ஒப்புதலாகியிருக்கிறது. நாளை இன்னொரு குழு தமிழ்நாட்டு மலை ஒன்றைத் தேடி வரலாம். வரட்டும். வானத்தின் அற்புதம் பற்றிய பவர்பாயிண்ட் இரண்டாவதாக இருக்கட்டும். முதல் தாள் தமிழில், அந்த ஊர் கிராமசபைக்கு எழுதியதாக இருக்க வேண்டும்: இத்தனை லாரி, இத்தனை லிட்டர் தண்ணீர், இத்தனை ஏக்கர் மேய்ச்சல் நிலம், இத்தனை வருஷம். கீழே ஒரு கேள்வி: சம்மதமா? பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.