ஆய்வுக்கூடம் ஏன் கடல் தாண்டுகிறது?

பன்னாட்டு நிறுவனங்கள் ஆய்வுப் பணியை ஏன் வெளிநாட்டில் வைக்கின்றன? "இங்க சம்பளம் கம்மி, அதான்" என்று வாலிகண்டபுரம் டீக்கடையிலேயே பதில் கிடைத்துவிடும். வால்டர் க்யூமெர்லே 1997-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரை இதைவிட ஆழமாகப் போகிறது. தாய்நாட்டு அறிவை வெளிச்சந்தைக்கு ஏற்ப மாற்றும் கூடம் ஒரு வகை; அது தொழிற்சாலைக்கும் சந்தைக்கும் பக்கத்தில் அமையும். வெளிநாட்டு அறிவைத் தாய்நாட்டுக்கு அனுப்புவது இன்னொரு வகை. அது பல்கலைக்கழகங்களை ஒட்டி அமையும்.

பயனுள்ள பிரிப்புதான். ஆனா ரெனால்ட் க்விட் காரை வைத்துப் பார்த்தால் இடிக்கிறது. ஜெரார் தெதூர்பே தலைமையில் சென்னையில் உருவாகி 2015-ல் வந்த கார் அது. இந்தியச் சந்தைக்கென்று செய்தது, ஆக முதல் வகை. ஆனால் அதே அடித்தளத்தில் பிறந்த மின்கார் 2021-ல் டாசியா ஸ்ப்ரிங் என்ற பெயரில் ஐரோப்பாவுக்குப் போனது. அப்போ இரண்டாம் வகையா? இங்கே அறிவைத் தந்தது பல்கலைக்கழகம் மட்டுமல்ல. உதிரிபாகங்களில் 98 சதவீதம் உள்ளூர் என்று நிறுவனமே சொன்னது. செலவைக் குறைக்கும் வித்தையில் பெரும்பங்கு அந்தப் பட்டறைகளில்தான் இருந்தது என்பது என் வாசிப்பு.

க்யூமெர்லே தலைமையகத்து நாற்காலியில் இருந்தே கணக்குப் போடுகிறார். எங்க ஊர் வழியாத்தான் திருச்சி-சென்னை நெடுஞ்சாலை போகுது. அதுல பஸ் ஏறுற எஞ்சினியரிங் பசங்களுக்கு வேலை கிடைக்கலாம். அவங்க கண்டுபிடிக்கிறது யார் பேர்ல பதிவாகுது? "ஏன் வர்றாங்க" என்பதோடு நிற்கும் ஆய்வு பாதி ஆய்வுதான்.