மரம் பேசும் மலையாளம், கல் பேசும் தமிழ்

பாறசாலையைத் தாண்டிக் களியக்காவிளை வந்தால் தமிழ்நாடு தொடங்கிவிடும். அதே சாலையில் தக்கலை போனால் பத்மநாபபுரம் அரண்மனை. 1956 நவம்பர் 1 அன்று, அரண்மனை இருக்கும் கல்குளம் வட்டம் தமிழகத்தோடு இணைந்தது. ஆனால் அரண்மனையைப் பராமரிப்பது இன்றும் கேரளத் தொல்லியல் துறைதான்.

பூமுகம் எனும் முகப்பு மண்டபத்தில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். மரக்கூரை முழுக்கப் பூக்கள். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. மலையாளத் தச்சனின் உளி அது. சிறிது நடந்து நவராத்திரி மண்டபத்துக்குள் நுழைந்தால் மரம் விடைபெற, கல் வரவேற்கிறது: கருங்கல் தூண்கள், தூண்தோறும் சிற்பங்கள், பாண்டிநாட்டுக் கோயில் மண்டபத்தின் சாயல். கீழே முகம் தெரியும் கறுப்புத் தரை. சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெண்கரு சேர்த்து மெருகேற்றியது என்பார்கள். இரண்டு மரபும் ஒரே வளாகத்தில் இத்தனை இயல்பாகப் பொருந்தியிருப்பது அபூர்வம்.

நவராத்திரிக்கு இங்கிருந்து சரஸ்வதி புறப்படுகிறாள். வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன் வர, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியே திருவனந்தபுரம் சேர்கிறாள்.

திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. வேறொரு நாள் போய்ப் பாருங்கள்.